அந்த ஒரு போனை நாம போடக்கூடாது

(மதுக்கரையில் நடந்த நம் இளைஞர்கள் கூட்டத்தில் ஐ.டி. விங் தம்பி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான், முழுசா படிங்க. கடைசிப் பகுதியை சேவ் பண்ணி வச்சுக்கங்க, என்னைக்காவது யாருக்காவது உதவும்.)



மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், பூத் பொறுப்பாளர் அண்ணன்மார்களுக்கும், மில்லு வேலை முடிச்சு நேரா இங்க வந்திருக்கற அக்காமார்களுக்கும், என்கூட ராப்பகலா போஸ்டர் டிசைன் பண்ற தம்பிகளுக்கும் வணக்கம். எனக்குக் குடுத்த தலைப்பு சாலைப் பாதுகாப்பு. ஹெல்மெட் போடுங்க, மெதுவா போங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்துக்கலாம். நீங்களும் கை தட்டிட்டுப் போயிருவீங்க. அதனால ஒரே ஒரு விஷயம் பேசறேன். ராத்திரி பதினொரு மணிக்கு நம்ம நிர்வாகிகளுக்கு வர்ற ஒரு போனைப் பத்தி.

"அண்ணா, செக்கிங்ல மாட்டிக்கிட்டேன். ஊத வச்சுட்டாங்க. வண்டியப் புடிச்சு வச்சுட்டாங்க. ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுங்கண்ணா."

சிரிக்கறீங்க. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச போன்தான். இது நம்ம கட்சிக்கு மட்டும் வர்றது இல்லீங்க, எல்லாக் கட்சிக்காரங்களுக்கும் வரும். நம்ம ஊர்ல ஒருத்தர் "செல்வாக்கு உள்ளவர்"னு பேர் எடுக்கறதே இந்த மாதிரி நாலு வண்டிய எடுத்துக் குடுத்துத்தான். அந்தச் செல்வாக்குக்கு யார் விலை குடுக்கறாங்கன்னு பேசத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

முதல்ல கணக்கைப் பாருங்க. மத்திய அரசோட 2022-ம் வருஷத்து சாலை விபத்து அறிக்கைப்படி இந்தியாவுல அந்த ஒரு வருஷத்துல செத்தவங்க 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில நாட்டுலயே முதல் இடம் தமிழ்நாடு, 64,105 விபத்து. அதுல உயிர் போனவங்க 17,884 பேர். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 49 பேர். தினமும் ஒரு டவுன் பஸ் நிறைய ஆளுங்க. இது எல்லாமே குடிபோதை விபத்து இல்ல. வேகம், தூக்கம், ரோடு டிசைன்னு காரணம் நிறைய. ஆனா முழுக்க முழுக்க மனுஷன் கையில இருக்கற காரணம் ஒண்ணு உண்டுன்னா அது குடிச்சிட்டு வண்டி எடுக்கறதுதான். யாரும் தெரியாம குடிக்கறதில்ல.

நம்ம மதுக்கரையை எடுத்துக்கங்க. ஒரு பக்கம் பாலக்காடு ரோடு. கேரளா போற லாரி, வர்ற லாரி, வாளையார் செக்போஸ்ட் தாண்டி ராத்திரி முழுக்க ஓடும். இன்னொரு பக்கம் நீலாம்பூர்ல இருந்து இங்க வந்து சேர்ற பைபாஸ், நாம எல் அண்ட் டி ரோடுன்னு சொல்றது. வருஷக்கணக்கா எதிரும் புதிருமா ரெண்டே வழியில ஓடின ரோடு. அப்புறம் சிமென்ட் ஃபேக்டரி, சுத்தி இன்ஜினியரிங் காலேஜ், ஹாஸ்டல் பசங்க, ஷிஃப்ட் வேலைக்காரங்க, சைக்கிள்ல போற வடமாநிலத் தொழிலாளிங்க. இப்படி ஒரு ஊர்ல போதையில ஒருத்தன் வண்டி எடுத்தா எதிர்ல வர்றது யாரா வேணா இருக்கலாம்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், ஒரு கணக்கு சொல்லாம விடமாட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல வண்டி போகும். போதையில பிரேக் அடிக்க அரை செகண்ட் லேட்டானா 8 மீட்டர். ரெண்டு கார் நீளம். அந்த 8 மீட்டருக்குள்ள ஒரு குழந்தை நின்னா?

இன்னொரு கணக்கு. சட்டப்படி எல்லை 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால். நம்ம ஊரு குவார்ட்டர் 180 மில்லி, அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில சொன்னா 60 கிராம். 70 கிலோ ஆள் ஒருத்தர் அதை முழுசா குடிச்சா ரத்தத்துல சுமார் 120 மில்லிகிராமுக்கு மேல ஏறும், எல்லையைப் போல நாலு மடங்கு. உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். அப்ப ராத்திரி 11 மணிக்கு முடிச்சவரு காலையில 5 மணிக்கு ஷிஃப்ட்டுக்கு வண்டி எடுத்தாலும் எல்லைக்கு மேல இருக்கலாம். எலுமிச்சம்பழம், மோர், தலைக்குக் குளியல், கட்டங்காப்பி, ஒண்ணும் வேலைக்காவாது. நேரம் ஒண்ணுதான் மருந்து. "எனக்கு ஸ்டெடிண்ணா"ன்னு சொல்றவரோட வாய்தான் ஸ்டெடி, ரத்தம் இல்ல.

சரி, இதைத் தடுக்க யாரு உழைச்சாங்க? நாம மீம்ஸ் போட்டு மாத்தினது இல்லீங்க. சில பேர் வருஷக்கணக்குல கோர்ட்டுப் படி ஏறினாங்க. அதுல முதல் ஆளு நம்ம கோயம்புத்தூர்க்காரரு.

கங்கா ஆஸ்பத்திரி எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். நசுங்கின காலோட, உடைஞ்ச முதுகெலும்போட வர்றவங்களுக்கு ஆபரேஷன் பண்றது அவர் தொழில். பண்ணிட்டு அடுத்த பேஷன்ட்டைப் பாக்கப் போயிருக்கலாம். அவர் 2012-ல சுப்ரீம் கோர்ட்டுல பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான் 2014 ஏப்ரல்ல நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழுவை சுப்ரீம் கோர்ட் அமைச்சது. குடிச்சிட்டு ஓட்டினா லைசென்ஸை குறைஞ்சது மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணணும்னு 2015-ல எல்லா மாநிலத்துக்கும் சொன்னது அந்தக் குழு. மாவட்டத்துக்கு மாவட்டம் சாலைப் பாதுகாப்புக் குழு, விபத்து சிகிச்சை மையம்னு 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் வரிசையா உத்தரவு போட்டதும் இதே வழக்குல. விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துல காசில்லாம சிகிச்சை தர்ற திட்டத்தைக் கொண்டு வாங்கன்னு 2025 ஜனவரியில மத்திய அரசுக்குக் கெடு வச்சதும் இதே வழக்குதான். அந்தத் திட்டம் 2025 மே மாசம் வந்துருச்சு. ஒரு டாக்டர், ஒரு மனு, பதிமூணு வருஷம். கோவையில "உயிர்" அமைப்பை முன்ன நின்னு நடத்தறவரும் இவருதான்.

அடுத்து, நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடை. பாமக-வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு போட்ட வழக்குல 2013-லயே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை அகற்றச் சொல்லுச்சு. தமிழ்நாடு அரசு அப்பீலுக்குப் போச்சு. அதே சமயம் சண்டிகர்ல ஹர்மன் சித்துன்னு ஒருத்தர். 1996-ல கார் பள்ளத்துல கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டு, அதுக்கப்புறம் சக்கர நாற்காலி வாழ்க்கை. அவரும் "அரைவ் சேஃப்" அமைப்பு மூலமா பஞ்சாப் பக்கம் இதே சண்டையைப் போட்டுட்டு இருந்தார். எல்லாம் ஒண்ணு சேர்ந்து 2016 டிசம்பர் 15-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: தேசிய, மாநில நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாது. தீர்ப்போட பேரே "தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு". தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 3,300 டாஸ்மாக் கடை மூடுச்சு. நல்ல காரியம் எந்தக் கட்சிக்காரர் பண்ணாலும் நல்ல காரியம்தான், அதைச் சொல்றதுல நமக்கு ஒரு குறைச்சலும் வந்துராது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னும் தெரிஞ்சுக்கணும். ரோட்டுல இருந்து எடுத்த கடையை ஊருக்குள்ள கொண்டு வந்து வைக்கப் பாத்தாங்க. 2017 ஏப்ரல் 11, நம்ம பக்கத்து திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம். கடை வேண்டாம்னு பொம்பளைங்க ரோட்டுல உட்கார்ந்தாங்க. ஒரு போலீஸ் அதிகாரி ஒரு அம்மாவைக் கன்னத்துல அறைஞ்ச வீடியோவை நாடே பாத்துச்சு. அதே வருஷம் ஜூலையில, நகராட்சி எல்லைக்குள்ள போற ரோட்டுக்கு இந்தத் தடை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே விளக்கம் குடுத்துருச்சு. கோர்ட்டு ஒரு கதவைச் சாத்துனா நிர்வாகம் இன்னொரு கதவைத் திறந்துக்கும். அந்தக் கதவுல போய் உட்கார்ந்தது சாமளாபுரம் அம்மாக்கள்தான்.

இப்ப நான் சொன்ன போனுக்கு வர்றேன். அதுக்கு அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வரணும்.

1980 மே மாசம், கலிஃபோர்னியா. கேண்டி லைட்னர்னு ஒரு அம்மா. அவங்க 13 வயசுப் பொண்ணு ரோட்டோரம் நடந்து போறப்ப ஒருத்தன் போதையில வந்து மோதிக் கொன்னுட்டுப் போயிட்டான். புடிச்சு விசாரிச்சா, குடிச்சிட்டு ஓட்டினதுக்கு அவன் ஏற்கனவே தண்டனை வாங்கினவன். ரெண்டு நாள் முன்னாடிதான் இன்னொரு குடிபோதை விபத்து வழக்குல ஜாமீன்ல வெளிய வந்திருக்கான். அந்த அம்மா அதே வருஷம் "குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார்கள்"னு ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. புள்ளையை இழந்த தாய்மார்கள் போட்டோவைக் கையில புடிச்சுக்கிட்டு சட்டசபைக்குப் போனாங்க, கோர்ட்டுல போய் உட்கார்ந்தாங்க. புதுசா இழந்த குடும்பத்துக்குப் பக்கத்துல போய் நின்னாங்க. நாலே வருஷத்துல, 21 வயசுக்கு முன்னாடி மது விக்கக்கூடாதுன்னு எல்லா மாநிலத்தையும் நெருக்கற சட்டத்துல அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார்.

இதுல நாம புடிச்சுக்க வேண்டியது அந்த "ஏற்கனவே"ங்கற வார்த்தையை. முன்னாடி மாட்டினப்பவே அவனை வண்டி ஓட்ட விடாம நிறுத்தியிருந்தா அந்தப் பொண்ணு வளர்ந்திருக்கும். நாம ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எடுத்துக் குடுக்கற ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருத்தருக்கு அந்த "ஏற்கனவே" ஆகலாம்.

இங்க நடந்ததையும் பாருங்க. 2024 மே 19, புனே. 17 வயசுப் பையன் ஓட்டின போர்ஷே கார் மோதி, 24 வயசு ஐ.டி. இன்ஜினியருங்க ரெண்டு பேர் செத்துப் போனாங்க. நம்ம வயசு, நம்ம வேலை. பையனுக்கு அன்னைக்கே ஜாமீன், 300 வார்த்தையில கட்டுரை எழுதச் சொன்னாங்க. அப்புறம் ரத்த மாதிரியையே மாத்திட்டாங்கன்னு போலீஸ் வழக்குப் போட்டு, அரசு ஆஸ்பத்திரி டாக்டருங்களைக் கைது பண்ணாங்க. விபத்து நடந்த அதே ராத்திரி ஒரு எம்.எல்.ஏ. ஸ்டேஷனுக்குப் போனது பெரிய பிரச்சினையாச்சு. தப்பு எதுவும் பண்ணலைன்னு அவர் சொன்னார். ஆனா செத்துப் போன புள்ளைங்களோட அப்பா அம்மா பக்கம் அந்த ராத்திரி யாரு போனாங்க? என் கேள்வி அதுதான்.

நீங்க கேப்பீங்க. "தம்பி, அரசாங்கமே கடையைத் திறந்து வச்சு விக்குது, குடிச்சவனை மட்டும் புடிக்கறது என்ன நியாயம்?" நியாயமான கேள்விங்க. 2003-ல இருந்து சில்லறை மது விற்பனை முழுசும் டாஸ்மாக் கையில இருக்கு. கடையை எங்க வைக்கணும், எத்தனை வேணும்னு நாம கேக்கத்தான் போறோம். அதுக்காக போதையில வர்ற வண்டிக்கு எதிர்ல நம்ம அக்கா நிக்கணுமா?

"பைக்கு ஓட்டற ஏழையைப் புடிக்கறாங்க, பெரிய கார்க்காரன் போயிடறான்." இதுவும் நிஜம். அதுக்கு ரெண்டு பேரையும் புடிக்கச் சொல்லிப் போராடணும். ரெண்டு பேரையும் விடச் சொல்றது போராட்டம் ஆகாது.

"நம்ம பையன் தம்பி, வாழ்க்கை போயிரும்." சரிங்ணா, போங்க. அவனைப் பத்திரமா வீட்டுல கொண்டு போய் விடுங்க, வக்கீல் வைங்க. அது அவனோட உரிமை. ஊதினதை அழிக்கச் சொல்லாதீங்க, ரத்தப் பரிசோதனையில கை வைக்காதீங்க, டிரைவரை மாத்திக் காட்டாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுல முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும். மறுபடியும் மாட்டினா 15,000 ரூபாய், ஜெயில் ரெண்டு வருஷம் வரை. 188-வது பிரிவுப்படி, குடிச்சவனை ஓட்டத் தூண்டினவருக்கும் அதே தண்டனை. பத்தாயிரம் கட்டினா வாழ்க்கை போயிராது. அடுத்த வாரம் ஒரு ஆளைக் கொன்னா போயிரும். போதையில கார் ஓட்டி மும்பையில பிளாட்பாரத்துல தூங்கின ஏழு தொழிலாளிங்களைக் கொன்ன வழக்குல, இது வெறும் அஜாக்கிரதை இல்ல, கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல்னு சுப்ரீம் கோர்ட் 2012-ல உறுதி பண்ணியிருக்கு.

இப்ப முக்கியமான பகுதி. அந்த போனைப் போடாதீங்கன்னு சொன்னேன். நம்ம கையில இருக்கற போன் வேற எதுக்கு வேணும்னு சொல்றேன். இதை அப்படியே சேவ் பண்ணிக்கங்க.

ஒண்ணு. விபத்தைப் பாத்தா 108. பயப்படாம தூக்குங்க. 2016 மார்ச் 30 சுப்ரீம் கோர்ட் உத்தரவும், மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவும் உதவி செய்யறவருக்குப் பாதுகாப்பு குடுக்குது. பேர், அட்ரஸ் குடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ரெண்டு. "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம், 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தமிழ்நாட்டு ரோட்டுல அடிபட்டா போதும், எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் உண்டு. மத்திய அரசுத் திட்டத்துல ஏழு நாள் வரைக்கும் ஒன்றரை லட்ச ரூபாய் வரை. அட்வான்ஸ் கட்டச் சொன்னா பக்கத்துல நின்னு இதைச் சொல்ற ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நாமளா இருக்கணும்.

மூணு. எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கிக் குடுங்க. 2022 ஏப்ரல்ல வந்த விதிப்படி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துல விசாரணை அதிகாரி தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். பாதிக்கப்பட்டவங்களோட உரிமை என்னென்னன்னு சொல்ற "படிவம் 2"-ஐ 10 நாளைக்குள்ள அந்தக் குடும்பத்து கையில குடுக்கணும். எத்தனை குடும்பத்துக்கு இப்படி ஒரு படிவம் இருக்கறதே தெரியும்? மரியாதையா, எழுத்துல கேளுங்க.

நாலு. மார்ச்சுவரி வாசல்ல வச்சு "பேசி முடிச்சுக்கலாம்"னு யாராவது பேப்பரை நீட்டினா கையெழுத்துப் போட விடாதீங்க. சாவு நடந்த வழக்கு பஞ்சாயத்துப் பேசி முடிக்கற வழக்கு இல்ல. இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயம் இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள மனுப் போடணும்னு சட்டம் சொல்லுது, தள்ளிப் போடாதீங்க. விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, குடும்பம் இருக்கற ஊர்லயும் போடலாம். வடமாநிலத் தொழிலாளி குடும்பத்துக்கு இதை அவசியம் சொல்லுங்க. மோதிட்டு நிக்காமப் போன வண்டின்னா, சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலை அலுவலர்கிட்ட விண்ணப்பம்.

அஞ்சு. வக்கீலுக்குக் காசு இல்லேன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சமூகத்தினருக்கும் வருமானம் பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

ஆறு. இதுதான் யாரும் செய்யாதது. கேஸ் நடக்கற அன்னைக்கு அந்தக் குடும்பத்தோட கோர்ட்டுக்குப் போங்க. 90 நாளைக்குள்ள விசாரணை எந்த அளவுல இருக்குன்னு அவங்களுக்குச் சொல்லணும்னு புதுச் சட்டத்துலயே இருக்கு. பாதிக்கப்பட்டவங்க தரப்பையும் கேக்கணும்னு லக்கிம்பூர் கேரி வழக்குல 2022-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. ஆனா வாய்தா வாய்தான்னு மூணு வருஷம் இழுத்தா, புருஷனை இழந்த ஒரு அம்மிணி கூலியை விட்டுட்டு எத்தனை நாள் தனியா வந்து பெஞ்சுல உட்காருவாங்க? கூட ஒரு ஆள் இருந்தா உட்காருவாங்க.

காரியம் நடந்த வீட்டுக்கு மாலையோட போறோம், போட்டோ எடுக்கறோம், "ஆழ்ந்த இரங்கல்"னு போஸ்ட் போடறோம். அந்தப் போஸ்டரை டிசைன் பண்றதே நான்தான். அது வேண்டாம்னு சொல்லலீங்க. பதினாறாம் நாளுக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு போறாங்க? எஃப்.ஐ.ஆர். எங்கன்னு அப்பத்தான் தேட ஆரம்பிப்பாங்க. கட்சி வேலை அங்க இருக்கு.

கடைசியா நம்ம வீட்டைச் சரி பண்ணிக்கலாம். மாநாடு, பொதுக்கூட்டம்னா பைக் ஊர்வலமா கிளம்பறோம். திரும்பி வர்றப்ப எத்தனை வண்டி நேரா வருது? அடுத்த கூட்டத்துல இருந்து மதுக்கரையில மூணு விஷயம் செய்யலாம்னு பெரியவங்க முன்னாடி வேண்டுகோள் வைக்கறேன். கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு யாரும் சரக்கு வாங்கிக் குடுக்கக்கூடாது. ஒவ்வொரு வேனுக்கும், பைக் குரூப்புக்கும் குடிக்காத ஒரு ஆள் பொறுப்பு, சாவி அவர் கையில. மூணாவது, குடிபோதை கேஸுக்கு ஸ்டேஷனுக்குப் போன் போடமாட்டோம்னு இங்க இருக்கற ஒவ்வொரு நிர்வாகியும் சொல்லணும். நம்ம ஐ.டி. விங் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். உங்களுக்காக யாரும் பேசமாட்டாங்கன்னு இப்பவே தெரிஞ்சுக்கங்க தம்பிகளா.

ஓட்டுப் போயிரும்னு சில அண்ணன்மார் நினைக்கலாம். வண்டி எடுத்துக் குடுத்தா ஒரு ஓட்டு கிடைக்கும்னு வச்சுக்குவோம். அந்த வண்டி ஒருத்தரை அடிச்சா அந்த வீட்டுல நாலு ஓட்டு, தெருவுல நாப்பது. கணக்குப் பாத்தாலும் நஷ்டம்தான். கணக்குப் பாக்காம யோசிச்சா இன்னும் தெளிவா தெரியும்.

இன்னைக்கு ராத்திரியே யாருக்காவது அந்த போன் வரலாம். "தம்பி, நீ எங்க இருக்கே சொல்லு, வந்து வீட்டுல கொண்டு போய் விடறேன். ஸ்டேஷனுக்கு மட்டும் பேசமாட்டேன்." இதைச் சொல்லிப் பாருங்க. முதல் தடவை கோவிச்சுக்குவான். அடுத்த தடவை குடிச்சா வண்டிச் சாவியைத் தொடமாட்டான்.



(ஒவ்வொரு வார்டு வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதைப் பகிருங்க. உங்க ஊர்லயும் அந்த மூணு வேண்டுகோளை ஏத்துக்கிட்டா கமென்ட்ல ஊர் பேரைப் போடுங்க.)

#அந்த_போன்_வேண்டாம் #குடிச்சா_சாவியைக்_குடு #மதுக்கரை